கொழுப்பு அளவு சரி, வீங்கிய காலில் மட்டும் மஞ்சள் புடைப்பு ஏன்?

பட்டர்வொர்த் சகோதரிக்கு வணக்கம். அம்மாவுக்கு 12 வருடமாக நிணநீர் (உடல் திசுக்களிலிருந்து வடியும் நீர்) தேங்கிய வீக்கம், இப்போது கணுக்காலுக்கு மேல் மஞ்சள் புடைப்புகள், இரத்தக் கொழுப்போ சரி என்கிறீர்கள். அப்படியும் வரும். தோலில் சேரும் கொழுப்பைத் திருப்பி எடுத்துப்போவது பெரும்பாலும் நிணநீர்தான். அது தேங்கினால், துப்புரவு செய்யும் செல்கள் கொழுப்பை விழுங்கி, நுரைபோல உப்பி, அங்கேயே தங்கிவிடும்.

ஊசியால் குத்திப் பிதுக்காதீர்கள். அது சீழ் இல்லை, ஒன்றும் வராது. அந்தக் காலில் சின்னக் கீறல்கூட செல்லுலைட்டிஸ் (தோலுக்கடியில் பரவும் கிருமித்தொற்று) ஆகலாம். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு கிளினிக்) சூராட் (பரிந்துரைக் கடிதம்) வாங்கிப் பினாங்கு பெரியாஸ்பத்திரித் தோல் பிரிவில் காட்டுங்கள். உறுதி செய்ய பயாப்சி (சிறு தோல் துண்டு எடுத்துச் சோதிப்பது) தேவைப்படும். எடுத்த இடத்தில் நிணநீர் கசியும், ஆறவும் நாளாகும். வீக்கம் இருப்பதை முன்பே சொல்லிவிடுங்கள். அழுத்தக் காலுறையைக் காலையில் எழுந்ததுமே, கால் கனக்கும் முன் போட வேண்டும். சர்க்கரை இருந்தால், காலுறை போடும் முன் பாதத்தின் இரத்த ஓட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சள் புடைப்புக்கு அவசரமில்லை, ஊதா நிறத்தில் காயம்பட்டதுபோல் தடிப்பு வந்தால் மட்டும் அப்பாயின்மெண்டுக்குக் காத்திருக்க வேண்டாம்.