இந்த முறையாவது பலன் கிடைக்குமா?

கேள்வி: என் தங்கைக்கு 24 வயது. பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு (உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையில்லாமல் அலைபாயும் பாதிப்பு) என்று மனநல மருத்துவர் சொல்லியிருக்கிறார். மனம் கொதிக்கும்போதெல்லாம் தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறாள். இதற்கு முன் இரண்டு முறை கவுன்சலிங் போய்ப் பாதியில் விட்டுவிட்டாள். இப்போது ஓராண்டு டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) சிகிச்சையில், அதாவது கொதிக்கும் உணர்ச்சிகளைச் சமாளிக்கும் திறன்களைக் கற்றுத்தரும் பேச்சு சிகிச்சையில், சேர்ந்திருக்கிறாள். இதில் பலன் கிடைக்குமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: தொடங்கும் நாளிலேயே அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் முதல் இரண்டு மூன்று மாதங்களில் எதைக் கவனிப்பது என்று தெரிந்தால் ஓரளவு கணிக்கலாம்.

முதலில் ஒரு பயத்தை விடுங்கள். பாதிப்பு கடுமையாக இருந்தால் சிகிச்சை எடுபடாது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. தொடக்கத்தில் அதிகம் தவித்தவர்களிடம் மாற்றமும் அதிகமாக இருந்திருக்கிறது. வயதையோ படிப்பையோ வைத்துக் கணிப்பதும் பெரும்பாலும் பலிப்பதில்லை.

பாதியில் விட்டதும் அவளுடைய குறை அல்ல. இந்தக் கோளாறுக்கான சிகிச்சைகளில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் இடையில் நின்றுவிடுகிறார்கள். முன்பு போன இடங்களில் எத்தனை வாரம் போனாள், இந்தக் கோளாறுக்கென்று வகுத்த முறையா, எந்த நாளுக்குப் பிறகு போகவில்லை என்று பொறுமையாகக் கேளுங்கள். மூன்று மாதத்துக்கும் குறைவான சிகிச்சை இதற்குப் போதாது என்று மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2009-லேயே சொல்லிவிட்டது.

கணிப்புக்கு அதிகம் உதவுவது தெரபிஸ்டுடனான உறவுதான். இரண்டு பேரும் ஒருபோதும் முட்டிக்கொள்ளாமல் இருப்பதைச் சொல்லவில்லை. ஐந்தாவது வாரத்தில், 'அவங்களுக்கு என்னைப் பிடிக்கலை, இனிமே போக மாட்டேன்' என்று அவள் வந்து சொல்லலாம். அந்தக் கோபத்தையே அடுத்த செஷனில் தெரபிஸ்ட் முன் கொண்டுபோய் வைத்தால், அது மிக நல்ல அறிகுறி. டிபிடியில் ஒரு கறாரான விதி உண்டு. தொடர்ந்து நான்கு செஷன் தவறினால் அந்தச் சுற்றிலிருந்து வெளியேற வேண்டும். அதனால் இரண்டாவது செஷன் தவறும்போதே நீங்கள் கூட நடந்து போகத் தயாராக இருங்கள்.

அடுத்தது டயரி கார்டு, டிபிடியில் அவள் தினமும் நிரப்ப வேண்டிய அட்டை. ஒவ்வொரு நாளும் காயப்படுத்திக்கொள்ளும் உந்துதல் எவ்வளவு இருந்தது என்று 0 முதல் 5 வரை எண் போட வேண்டும். உண்மையில் செய்தாளா, எந்தத் திறனைப் பயன்படுத்தினாள் என்பதும் அதில் வரும். ஒரு செவ்வாய்க்கிழமை உந்துதல் 4, ஆனால் காயம் இல்லை, 'குளிர்ந்த நீரில் முகம்' என்று எழுதியிருந்தால் அந்தக் கட்டத்தில்தான் சிகிச்சை வேலை செய்கிறது. உந்துதல் பிறகுதான் மெல்ல இறங்கும். ஏழு நாளையும் செஷனுக்குப் போகும் வழியில் ஒரே மூச்சில் நிரப்பினால் கார்டு பயன்படாது, ஏனென்றால் என்ன நடந்து எது தூண்டியது என்ற சங்கிலி அதற்குள் மறந்துபோயிருக்கும். கார்டு அவளுக்கும் தெரபிஸ்டுக்கும் உரியது, வீட்டில் எடுத்துப் பார்க்காதீர்கள். 'இந்த வாரம் எந்தத் திறன் கை கொடுத்தது?' என்று மட்டும் கேளுங்கள். திறன்களை அன்றாடம் பயன்படுத்துபவர்களிடமே முன்னேற்றம் கூடுதலாகத் தெரிகிறது. குழுவாகத் திறன் கற்கும் வகுப்பை இரண்டாந்தரமாக நினைத்து அவள் தவிர்க்கக் கூடாது என்பது அதனால்தான்.

சிகிச்சையின் பெயர் குறித்து அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். கனடாவில் 180 பேரிடம் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், டிபிடியும் இந்தக் கோளாறுக்கென்றே ஒழுங்காக வகுத்த மனநல மருத்துவமும் ஏறத்தாழ ஒரே அளவு பலன் தந்தன.

மாற்றம் வரும் வரிசையும் முக்கியம். காயப்படுத்திக்கொள்வது முதலில் குறையும். வெறுமை, கைவிடப்படுவோம் என்ற பயம், வேலையில் நிலைப்பது எல்லாம் பின்னால்தான். அமெரிக்காவில் மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்ற 290 பேரை 10 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 93 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் குறைந்தபட்சம் இரண்டு ஆண்டு தணிந்திருந்தன. ஆனால் நல்ல உறவு, நிலையான வேலை என்று முழுமையாக மீண்டவர்கள் பாதிப் பேர். எனவே ஆறாவது மாதத்தில் காயங்கள் நின்றும் அவள் அழுதுகொண்டிருந்தால், 'பலனில்லை' என்று முடிவுகட்டி நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் பங்கு ஒன்று உண்டு. காயம் பட்ட அன்று வீடே சூழ்ந்து நிற்பதும், அமைதியான நாளில் யாரும் பேசாததும் பல குடும்பங்களில் நடக்கிறது. இதைத் திருப்பிப் போடுங்கள். காயத்துக்கு மருந்து போட்டு, தேவையென்றால் மருத்துவரிடம் காட்டி, திட்டாமல் விடுங்கள். நல்ல நாளில் அரை மணி நேரம் அவளோடு உட்காருங்கள். டிபிடியும் இதே போலத்தான் இயங்குகிறது: காயப்படுத்தும் முன் தெரபிஸ்டுக்குப் போன் செய்யலாம், செய்த பின் 24 மணி நேரத்துக்குப் பயிற்சிக்கான அழைப்பு இல்லை. உயிருக்கு ஆபத்து என்றால் இந்த விதி பொருந்தாது.

இவையெல்லாம் சிகிச்சையின் போக்கைக் கணிக்க மட்டுமே. தற்கொலை ஆபத்தை எந்த மதிப்பெண்ணாலும் கணிக்க முடியாது. மதிப்பெண் அட்டவணைகளை அதற்குப் பயன்படுத்த வேண்டாம் என்று நைஸ் 2022-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சாக வேண்டும் என்று பேசினால், காயங்கள் முன்பைவிடக் கடுமையானால், கார்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவளைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

பன்னிரண்டாவது வாரத்தில், அவள் சம்மதத்தோடு, தெரபிஸ்டிடம் கேளுங்கள்: 'தொடங்கியபோது இருந்ததைவிட எது மாறியிருக்கிறது, மாறாததற்கு நீங்கள் என்ன மாற்றிச் செய்யப் போகிறீர்கள்?'