வாசகர் கேள்வி – பதில்: பெருந்தொற்றுக் காலத்தில் கைகொடுக்கும் உதவிகள்

நோய்ப் பரவலின்போது வங்கி மூன்று மாதக் கடன் தவணையை ஒத்திவைக்கிறது. வாங்கிக்கொள்வதுதானே லாபம்? அந்த மூன்று மாத வட்டி மிச்சம்தானே?

மிச்சம் இல்லை. ஒத்திவைப்பு வேறு, தள்ளுபடி வேறு. தவணை நின்றாலும் வட்டி நிற்காது. மாதாமாதம் அசலோடு சேர்ந்துகொண்டே போகும். இந்தியாவில் 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி அறிவித்த ஒத்திவைப்பு, ஆகஸ்ட் 31 வரை நீண்டது. வட்டிக்கு வட்டி போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2021 மார்ச்சில்தான். அப்போதும் சாதாரண வட்டியை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். பாக்கி 10 லட்சம், ஆண்டு வட்டி 12 சதவீதம், மீதம் 60 தவணை என்றால் மாதம் 22,244 கட்ட வேண்டும். மூன்று மாதம் நிறுத்தினால் பாக்கி 10,30,301 ஆகிவிடும். வட்டிக்கு வட்டி உண்டு என்று வைத்து, பிறகு அதே தவணையைத் தொடர்ந்தால், 60க்குப் பதில் 62 தவணையும் 63ஆவதில் பாதியும் கட்ட நேரும். கூடுதல் செலவு சுமார் 56,000. அதே கடனில் கடைசி 12 தவணை மட்டும் மீதம் இருக்கும்போது நிறுத்தினால் கூடுதல் சுமார் 8,600தான். ஆக, கடன் புதிதாக இருக்கும்போது ஒத்திவைப்பு எடுப்பது வேறு வழியே இல்லாதவர்களுக்கு மட்டும். முடியும் பருவத்தில் இருந்தால் அவ்வளவு யோசிக்க வேண்டாம். கிரெடிட் கார்டு நிலுவையைத் தள்ளிப்போடவே போடாதீர்கள். மாதம் 3 சதவீதம் என்றால் மூன்று மாதத்தில் பாக்கி 9.27 சதவீதம் ஏறிவிடும்.

முழுத் தவணை கட்ட முடியாவிட்டாலும் அந்தந்த மாத வட்டியை மட்டுமாவது கட்ட அனுமதி கேளுங்கள், அசல் வீங்காது. வங்கியிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: காலம் நீளுமா அல்லது தவணைத் தொகை கூடுமா, கடன் தகுதிப் பதிவில் இது எப்படிக் காட்டப்படும், தானியங்கிப் பற்று (தவணையை வங்கி தானாகவே உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வது) எந்தத் தேதி முதல் நிற்கும். இந்தக் கடைசி விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒத்திவைப்பு கிடைத்துவிட்டது என்று கணக்கைக் காலியாக வைத்திருப்பார்கள். பழைய உத்தரவு ரத்தாகாமல் பற்று வரும். பணம் இல்லாமல் திரும்பி, அபராதம் விழும்.

என்னிடம் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். சம்பளத்தை ரொக்கமாகத்தான் கொடுக்கிறேன். அரசு சம்பள மானியம் அறிவித்தால் எனக்குக் கிடைக்குமா?

சிரமம். ஆறு பேர் உங்களிடம் வேலை செய்வது உண்மைதான். ஆனால் அரசு பார்ப்பது பதிவை. பிரிட்டன் 2020இல் ஊழியர் சம்பளத்தில் 80 சதவீதம், மாதம் 2,500 பவுண்டு வரை கொடுத்தது. ஆனால் குறித்த தேதிக்குள் வரித்துறைக்குச் சம்பள விவரம் போயிருந்தால்தான். முதலில் அந்தத் தேதி பிப்ரவரி 28. எதிர்ப்பு கிளம்பியதும் மார்ச் 19 ஆனது. இடையில் வேலை மாறியவர்கள் பலர் இரண்டு பக்கமும் இல்லாமல் நின்றார்கள். ஜெர்மனி, ஊழியர் இழந்த நிகர ஊதியத்தில் 60 சதவீதம், குழந்தை உள்ளவர்களுக்கு 67 சதவீதம் கொடுத்தது. அங்கேயும் சமூகக் காப்பீட்டுக்கு வெளியே சிறு ஊதியத்தில் இருந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

தேதி பெரும்பாலும் அறிவிப்புக்கு முந்தையதாக இருக்கும். மானியம் வந்தபின் ஆள் சேர்ப்பதைத் தடுக்க அரசுக்கு அது ஒரு வழி. அதனால் நோய் வருமுன்பே சம்பளத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். வருகைப் பதிவேட்டிலும் வங்கிக் கணக்கிலும் அடையாள அட்டையிலும் பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கட்டும். முதலெழுத்து முன்னே ஒன்றிலும் பின்னே ஒன்றிலும் இருந்தால் கணினி அவரை வேறு ஆளாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

கடனாகக் கொடுத்து, பிறகு மானியமாக மாற்றுவதாகச் சொல்லும் திட்டங்களை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் செலவுக் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் சம்பளப் பாதுகாப்புத் திட்டம் சராசரி மாதச் சம்பளச் செலவைப்போல் இரண்டரை மடங்கு கடன் கொடுத்தது. முதலில் 75 சதவீதம் சம்பளத்துக்கே போக வேண்டும் என்றார்கள், 2020 ஜூனில் அதை 60 ஆக்கினார்கள். செலவழிக்க 8 வாரம் என்றிருந்ததும் 24 வாரம் ஆனது. விதி நடுவில் மாறும் என்பதால் வாங்கிய பணத்துக்குத் தனிக் கணக்கு திறந்து, சம்பளம், வாடகை, மின்சாரம் தவிர வேறெதற்கும் தொடாதீர்கள். அந்தத் திட்டத்தின் முதல் ஒதுக்கீடு 349 பில்லியன் டாலர் இரண்டு வாரத்துக்குள் தீர்ந்துபோனது. வங்கியோடு ஏற்கெனவே பழக்கம் உள்ளவர்களே முந்திக்கொண்டார்கள். விண்ணப்பக் காகிதங்களைத் தயாராக வைத்திருப்பதன் அருமை அப்போதுதான் தெரியும்.

தெருவில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மளிகையும் மருந்தும் கொண்டுபோய்க் கொடுக்க இருபது பேர் தயார். எப்படி ஒழுங்குபடுத்துவது?

ஆள் சேர்ப்பது எளிது. ஆளுக்கு வேலை பிரிப்பதுதான் கடினம். 2020 மார்ச்சில் பிரிட்டன் இரண்டரை லட்சம் தொண்டர்களைக் கேட்டது. ஏழரை லட்சம் பேர் வந்து பதிவை நிறுத்தவேண்டியதாயிற்று. ஆனால் தொடக்கத்தில் பலருக்கு வேலையே வரவில்லை.

ஒருவருக்கு எட்டிலிருந்து பத்து வீடு போதும், அதுவும் எப்போதும் அதே வீடுகள். முகம் தெரிந்தவரிடம்தான் முதியவர் உண்மையான தேவையைச் சொல்வார். தினம் ஒரே நேரத்தில் ஒரு போன். இரண்டு முறை எடுக்காவிட்டால் நேரில் போய்க் கதவைத் தட்ட வேண்டும். அதற்காக உறவினர் எண்ணையும், மாற்றுச் சாவி யாரிடம் என்பதையும் முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்குத் தனிப் பட்டியல் வேண்டும்: பெயர், அளவு, எத்தனை நாளுக்கு மீதம். ஏழு நாளுக்கு இருக்கும்போதே வாங்க ஆரம்பியுங்கள். மருத்துவரின் சீட்டு காலாவதியாகியிருந்தால் புதுப்பிக்க அவகாசம் வேண்டுமல்லவா? இன்சுலினைக் குளிர்பையில் கொண்டுபோங்கள், ஆனால் பனிக்கட்டியோடு நேரடியாக ஒட்டக் கூடாது. உறைந்துபோன இன்சுலின் உருகினாலும் பயன்படாது. பையை வாசலில் வைத்து, இரண்டு மீட்டர் தள்ளி நின்று, எடுத்துக்கொண்டதைப் பார்த்தபின் கிளம்புங்கள்.

பணம்தான் நல்ல பெயரைக் கெடுக்கும். ஒவ்வொரு ரசீதையும் படம் எடுத்து அனுப்புங்கள். ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் அவர்களே நீட்டினாலும் வாங்காதீர்கள். யார் தனியாக இருக்கிறார், யாருக்கு என்ன நோய் என்ற பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். திருடனுக்கு அதைவிட வசதியான தகவல் வேறில்லை.

நோயாளிக்கு ஆக்சிமீட்டர் (ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கும் கருவி) கொடுத்தால், நகப்பூச்சும் சில்லிட்ட விரலும் தவறான எண்ணைக் காட்டும் என்று சொல்லுங்கள். விரலைச் சூடாக்கி, ஒரு நிமிடம் அசையாமல் வைத்துப் பார்த்தும் 94க்குக் கீழே இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும்.

நடைபாதை வியாபாரி நான். சம்பளச் சீட்டு, வரிக் கணக்கு எதுவும் இல்லை. எனக்கு என்ன வழி?

உங்களுக்கான திட்டங்கள் வேறு வகை அடையாளத்தைக் கேட்கும். டோகோ நாடு 2020 ஏப்ரலில் வாக்காளர் அட்டையை வைத்துச் சாதாரண செல்போனிலேயே பதிவுசெய்து, போன் வழியாகவே பணம் அனுப்பியது. இந்தியாவில் 2020 ஜூனில் வந்த நடைபாதை வியாபாரிகளுக்கான பிரதமர் ஸ்வநிதி திட்டத்தில் முதல் கடன் அப்போது 10,000 ரூபாய் வரை இருந்தது. வியாபாரச் சான்று இல்லாதவர்களுக்கு உள்ளாட்சி அமைப்பின் பரிந்துரைக் கடிதமே போதும் என்று வைத்திருந்தார்கள். எனவே உள்ளாட்சிக் கணக்கெடுப்பு வரும்போது இடத்தில் இருந்து பெயர் பதியுங்கள்; கட்டணம் கட்டிய சின்னச் சீட்டுகளையும் எறியாதீர்கள்.

மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் செயலிழந்த வங்கிக் கணக்கோ பெயர்ப் பிழையோதான் இருக்கும். திருத்தி மேல்முறையீடு செய்தால் கிடைக்க வாய்ப்பு உண்டு. கடைசித் தேதியை மட்டும் தவற விடாதீர்கள்.

நிவாரணத் தொகை வந்திருப்பதாக இணைப்போடு குறுஞ்செய்தி வருகிறது. தொட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். பணம் அனுப்புகிறவருக்கு உங்கள் ஓடிபி தேவைப்படாது, முன்கட்டணமும் தேவைப்படாது. அரசுத் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போய்ப் பாருங்கள். ஏற்கெனவே ஓடிபி சொல்லிவிட்டீர்கள் என்றால், முதலில் வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். போலீஸ் புகார் அதற்குப் பிறகு.