தவணையும் தம்புராவும்

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் நான். வயது 34, இரண்டு குழந்தைகள், வீட்டுக் கடன். வேலையை விட்டுவிட்டு வயலினையே தொழிலாக்கலாமா?
– ஒரு வாசகர், அவிநாசி

பதில்: இப்போதைக்கு விட வேண்டாம் தம்பி. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, கல்யாணக் கச்சேரி வரும்படியும் கிடையாது, வங்கித் தவணை மட்டும் தவறாமல் வரும். நானும் சோமனூரில் தறி ஓட்டிக்கொண்டே வாசித்தவன்தான். விடியற்காலை நாலரைக்கு மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற ஆரம்பப் பாடம், மூன்று வேகத்திலும். குழந்தைகள் விழிக்காமலிருக்க வயலின் குதிரையில், அதாவது தந்திகளைத் தாங்கும் சிறு கட்டையில், துணி கிளிப் மாட்டிக்கொள்வேன், சத்தம் பாதியாகிவிடும். (தறிச் சத்தத்தில் தூங்கிய பிள்ளைகள், வயலினுக்கு விழிப்பதுதான் வேடிக்கை!) சரி, ஒரு வருடம் முகூர்த்தக் கச்சேரிப் பணத்தைத் தனி நோட்டில் எழுதுங்கள். அதை வீட்டு அம்மணியிடம் காட்டிவிட்டு, அப்புறம் எனக்கு எழுதுங்கள்.