ஜிப் ஃபைல் திறக்கவில்லையா? பணம் கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி: தங்கை கல்யாணப் படங்களைப் போட்டோகிராஃபர் ஒரே ஜிப் ஃபைலாக லிங்க் அனுப்பினார். டவுன்லோட் செய்து திறந்தால் ‘இந்தக் கோப்புறை செல்லாது’ என்கிறது விண்டோஸ். மீட்டுத் தர 6,000 ரூபாய் கேட்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பெரும்பாலும் டவுன்லோட் பாதியில் நின்றிருக்கும், அவ்வளவுதான்.

ஜிப்புக்குள் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் பெயர், அளவு, சரிபார்ப்பு எண் கொண்ட ஒரு சின்னத் தலைப்பு இருக்கும். தலைப்பு, படம், தலைப்பு, படம் என்று வரிசையாகப் போய், மொத்தப் பட்டியல் கடைசியில்தான் வரும். அந்தப் பட்டியல் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்லும் முடிவுக் குறிப்பு அதற்கும் பின்னால், பெரும்பாலும் வெறும் 22 பைட். விண்டோஸ் தேடுவது அதைத்தான். 99 சதவீதத்தில் அறுந்தாலும் அது வந்து சேர்ந்திருக்காது. முன்னால் இருக்கும் படங்களெல்லாம் முழுசாக இருந்தாலும் ஃபைலே செல்லாது என்று கைவிரித்துவிடும். 1989-ல் வந்த வடிவம் இது, ‘கடைசிப் பகுதி வரவில்லை, மறுபடி டவுன்லோட் செய்யுங்கள்’ என்று ஒரு வரி சொல்ல இன்னும் மனசு வரவில்லை! அந்தப் பயத்தில்தான் இந்த மாதிரி ‘மீட்பு’ வியாபாரம் ஓடுகிறது.

முதலில் ஃபைல் அளவைப் போட்டோகிராஃபரிடம் இருப்பதோடு ஒப்பிடுங்கள். சில கேபி மட்டும் இருந்தால் நோட்பேடில் திறந்து பாருங்கள். ஜிப் என்றால் ‘பிகே’ (PK) என்ற இரண்டு ஆங்கில எழுத்தில் ஆரம்பிக்கும் (உருவாக்கிய ஃபில் காட்ஸின், Phil Katz, முதலெழுத்துகள்). இல்லையென்றால் லிங்க் காலாவதியாகி, வெறும் வெப் பக்கம் ஜிப் என்ற பெயரில் இறங்கியிருக்கிறது. அதைக் கடைக்காரர் என்ன செய்தாலும் படம் வராது, ஆனால் பணம் மட்டும் போகும்.

மறுபடி டவுன்லோட் செய்ய வழியே இல்லையென்றால், ஒரு பிரதி எடுத்துக்கொண்டு வின்ரார் என்ற மென்பொருளில் ரிப்பேர் கொடுங்கள். அது தலைப்புகளைத் தேடிப் பட்டியலைப் புதிதாகக் கட்டும், அறுந்த இடம் வரை உள்ள படங்கள் கிடைக்கும். ‘இலவச ஆன்லைன் ரிப்பேர்’ தளத்தில் மட்டும் வீட்டுப் படங்களை ஏற்றாதீர்கள். கேட்பது கடையோ தளமோ, முழுப் படம் ஒன்றைத் திறந்து காட்டாமல் ஒரு பைசா கொடுக்கக் கூடாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. முன்கூட்டியே செய்து வைக்காமல், டவுன்லோட் கேட்ட நேரத்தில் ஓடஓடக் கட்டப்படும் ஜிப்புகளில், தலைப்பு எழுதும்போது படத்தின் அளவு தெரியாததால் அங்கே பூஜ்யம் போட்டுவிட்டு, படம் முடிந்த பிறகு அளவை எழுதுவார்கள். சுருக்கி வைத்த படம் என்றால் அது முடியும் இடம் தரவிலேயே தெரியும், பிழைத்துவிடலாம். சுருக்காமல் அப்படியே வைத்த படம் என்றால் எங்கே முடிகிறது என்பதை மென்பொருள் ஊகிக்கத்தான் வேண்டும், ரிப்பேர் தடுமாறும். உங்களுடையது லிங்கில் வந்தது என்பதால் இதுவாகவே இருக்கலாம். ஆகவே போட்டோகிராஃபர் தன் கம்ப்யூட்டரைக் காலி செய்வதற்குள் இன்றைக்கே போன் போட்டு, ஒரே பெரிய ஜிப்பாக இல்லாமல் நாலைந்தாகப் பிரித்து அனுப்பச் சொல்லுங்கள்.