கத்தரி யாருடையது? விலங்கு வைரஸ்கள் பற்றிக் கேள்வி பதில்

விலங்குகளைத் தாக்கும் வைரஸ்கள் தங்கள் புரதங்களை எப்படி வெட்டித் தயார் செய்துகொள்கின்றன என்பதைக் கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கிறேன். கேட்டு அனுப்பியவர்களுக்கு நன்றி. ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

செந்தூல், ஆசிரியை: புரதத்தை வெட்டுவது என்றால் என்ன டாக்டர்? பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி சொல்லுங்கள்.

டீச்சர், பட்டனை அழுத்தினால் விரியும் மடக்குக் குடையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றிக் கட்டியிருக்கும் பட்டையை அவிழ்க்காமல் பட்டனை அழுத்தினால் குடை விரியாது. 1998-99-இல் நம் நாட்டில் பன்றிகளிடமிருந்து மனிதர்களுக்குப் பரவிய நிப்பா வைரஸின் மேல் இருக்கும் எஃப் புரதம் அப்படிப்பட்டதுதான். அது உருவாகும்போது ஒரே துண்டு, கட்டிய குடை. ஓர் என்சைம் வந்து குறிப்பிட்ட ஓர் இடத்தில் வெட்டினால்தான் பட்டை அவிழும். அப்புறம் வைரஸின் இன்னொரு புரதமான ஜி, நம் செல்லைப் பிடிக்கும். அதுதான் பட்டனை அழுத்துவது. உடனே எஃப் விரிந்து செல்லின் சவ்வில் குத்தி, வைரஸின் சவ்வையும் செல்லின் சவ்வையும் ஒன்றாக்கிவிடும். வெட்டு விழாவிட்டால் வைரஸ் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

சுங்கை சிப்புட், கோழி வளர்ப்பவர்: எங்கள் கம்பத்துக் கோழிகள் கழுத்து திருகி, பச்சையாகக் கழிந்து, நான்கு நாளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பக்கத்துக் கம்பத்தில் வெறும் சளியோடு போய்விட்டது. இரண்டும் ஒரே நோயா?

பரிசோதனை செய்யாமல் உறுதியாகச் சொல்ல முடியாது ஐயா. ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளங்கள் நியூகாசல் நோய்க்குப் பொருந்துகின்றன. ஊரில் வெள்ளைக்கழிச்சல், இராணிக்கேட் என்றெல்லாம் சொல்வது இதைத்தான். அடுத்த முறை ஒன்றிரண்டு சாகும்போதே கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்லிவிடுங்கள், மொத்தமும் போகும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஒரே வைரஸ் ஓர் இடத்தில் கொன்று, இன்னோர் இடத்தில் சளியோடு விட்டுவிடுவது நியூகாசலில் நடக்கக்கூடியதுதான். நிப்பாவைப் போலவே இந்த வைரஸுக்கும் எஃப் புரதம் உண்டு. ஆனால் அதை வெட்டச் சொந்தக் கத்தரி, அதாவது வெட்டும் என்சைம், கிடையாது, கோழியின் கத்தரியைத்தான் இரவல் வாங்குகிறது. மிதமான வகைகளில் வெட்டும் இடத்தில் ஆர்ஜினின், லைசின் ஆகிய அமினோ அமிலங்கள் குறைவாக இருக்கும். அதை வெட்டக்கூடிய என்சைம்கள் மூச்சுக்குழாயிலும் குடலிலும்தான் உண்டு. நோயும் அங்கேயே நின்றுவிடுகிறது. கொடிய வகைகளில் அதே இடத்தில் ஆர்ஜினினும் லைசினும் வரிசையாக நிற்கும். அதை ஃபியூரின் என்ற என்சைம் வெட்டும். ஃபியூரின் இல்லாத செல் உடம்பில் அநேகமாக இல்லை. அதனால் வைரஸ் மூளைவரை போகிறது, கழுத்து திருகுகிறது. வைரஸின் மரபணுவில் சில எழுத்துகள் மாறினால் போதும், சளி சாவாகிவிடும். கோழிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் எச்5 பறவைக் காய்ச்சலிலும் இதே கதைதான்.

தடுப்பு மருந்து உண்டு. நம் நாட்டிலேயே, இன்று புத்ரா பல்கலைக்கழகமாக இருக்கும் அன்றைய விவசாயப் பல்கலைக்கழகத்தில், வி4-யுபிஎம் என்று வெப்பம் தாங்கும் மருந்தை உருவாக்கினார்கள். குளிர்ப்பெட்டியும் ஊசியும் எட்டாத கம்பங்களில் தீனியில் பூசியே கோழிக்குக் கொடுக்கலாம் என்பதுதான் அதன் அழகு. எனக்கு மிகவும் பிடித்த மலேசிய ஆய்வு அது.

சிரம்பான், ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர்: 1999-இல் புக்கிட் பெலண்டோக் பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தேன். நிப்பா நோய்க்குக் காரணம் முதலில் கொசு என்றார்கள், பிறகு பன்றி என்றார்கள். எதுதான் உண்மை?

பன்றிதான் அண்ணே. அதற்கும் முன்னால் வௌவால்.

1998 செப்டம்பரில் பேராக்கில் தொடங்கியபோது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். அதுவும் பன்றியோடு தொடர்புள்ள நோய், கொசு பரப்புவது. அதனால் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் ஊசி போட்டவர்களும் விழுந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும் நோய் என்றார்கள், விழுந்ததோ வேலைக்குப் போகும் ஆண்கள். பன்றியைத் தொட்டு வேலை செய்தவருக்கு வந்தது, அதே ஊரில் பன்றியின் பக்கமே போகாதவருக்கு வரவில்லை. கொசு ஆள் பார்த்தா கடிக்கும்? பன்றிகளும் குரைப்பதுபோல் இருமிக்கொண்டிருந்தன.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் என்ற மருத்துவர், நோயாளியின் முதுகுத்தண்டு நீரிலிருந்து வைரஸைப் பிரித்தெடுத்தார். வளர்த்த செல்கள் ஒன்றோடொன்று கலந்து பெரிய பெரிய கூட்டங்களாகிவிட்டன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் செய்கிற வேலை இல்லை அது. மாதிரியை அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்று பார்த்தபோது புதிய வைரஸ் என்று தெரிந்தது. சுங்கை நிப்பா கம்பத்தின் பெயரே அதற்கு வந்தது. நம் நாட்டில் 265 பேருக்கு நோய், 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளை ராணுவத்தை வைத்து அழித்தார்கள். அந்தப் பண்ணைகளில் கூலிக்கு நின்ற நம் ஆட்களும் உண்டு. அவர்கள் குடும்பங்களை நான் மறப்பதில்லை.

ஈப்போ, மருந்தாளர்: நிப்பாவில் உங்களை இழுத்தது எது அக்கா?

மேலே சொன்ன கோழி விதிதான்: வெட்டும் இடத்தில் ஆர்ஜினினும் லைசினும் குறைந்தால் மிதம், வரிசையாக நின்றால் கொடியது. நிப்பாவும் நியூகாசலும் ஒரே குடும்பம். கோழி விதிப்படி பார்த்தால் நிப்பா மிதமான வைரஸாக இருக்க வேண்டும். அதன் வெட்டும் இடத்தில் இருப்பது ஒரே ஓர் ஆர்ஜினின், 109-ஆம் இடத்தில். ஃபியூரினுக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் கொன்றது நூற்றுக்கும் மேற்பட்டவர்களை. முதலில் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை.

விடை இதுதான். எஃப் புரதம் வெட்டுப்படாமலே செல்லின் மேற்பரப்புக்குப் போகிறது. அங்கிருந்து மறுபடியும் செல்லுக்குள்ளேயே இழுக்கப்படுகிறது. உள்ளே அமிலம் நிறைந்த சிறு பைகளில் கேத்தெப்சின் எல் என்ற என்சைம் இருக்கிறது. பழைய புரதங்களை அரைத்துத் தள்ளுவது அதன் வேலை. அது எஃப் புரதத்தை ஒரே இடத்தில் மட்டும் வெட்டுகிறது. வெட்டுப்பட்டது திரும்பவும் மேற்பரப்புக்கு வருகிறது. குப்பைத் தொட்டிக்குள் போய் ஆயுதத்தோடு திரும்பி வருவது மாதிரி. கேத்தெப்சினும் எல்லா இடத்திலும் இருப்பதால் கத்தரிக்குப் பஞ்சமில்லை. ஜி புரதம் பிடிக்கும் எஃப்ரின்-பி2 என்ற நம் செல்லின் மேற்பரப்புப் புரதம் ரத்தக்குழாய்ச் சுவரிலும் நரம்பு செல்லிலும் நிறைய இருக்கிறது. மூளை தாக்கப்படுவது அதனால்தான்.

உயிருள்ள நிப்பாவை நான் தொடுவதில்லை. அதற்கு உச்சக்கட்டப் பாதுகாப்புள்ள கூடம் வேண்டும். எஃப், ஜி இரண்டின் மரபணுவை மட்டும் குரங்குச் சிறுநீரக செல்களுக்குள் விடுகிறேன். மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தால் செல்களுக்கு நடுவே இருந்த எல்லைக் கோடுகள் காணாமல் போயிருக்கும். ஒரே பெரிய செல்லுக்குள் பத்து இருபது உட்கருக்கள் மொய்த்துக்கொண்டு கிடக்கும். பக்கத்துத் தட்டில் கேத்தெப்சினைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்திருந்தால் செல்கள் தனித்தனியாக, அமைதியாக இருக்கும். இத்தனை வருடம் ஆகியும் அந்த இரண்டு தட்டுகளையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறேன்.

அதே ஈப்போக்காரர்: அப்படியானால் கேத்தெப்சினைத் தடுத்தே நிப்பாவைக் குணப்படுத்தலாமே?

அது நம்முடைய கத்தரி தம்பி. தட்டில் இருக்கும் செல் இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளும். மனித உடம்புக்கு அந்த அரைப்பு வேலை தினமும் வேண்டும். எச்ஐவி, கோவிட் வைரஸ்களிடம் சொந்தக் கத்தரி இருக்கிறது. அதற்குப் பொருந்தும் மாத்திரை செய்ய முடிந்தது, 2021-இல் வந்த பாக்ஸ்லோவிட் அப்படித்தான். இரவல் கத்தரிக்காரனிடம் அந்தப் பிடி கிடைக்காது. நிப்பாவுக்குக் கத்தரியை விட்டுவிட்டு, ஜி புரதத்தை மறிக்கும் எதிர்ப்பொருள்களை முயன்று பார்க்கிறார்கள்.

பந்திங், மாட்டுக்காரர்: கோமாரி மனிதனுக்கு வருமா? பாலர்பள்ளியில் பேரனுக்குக் கை, கால், வாய் நோய் என்றார்கள்.

அது வேறு, இது வேறு ஐயா. பேரனுக்கு வந்தது மனிதர்களின் வைரஸ், உங்கள் மாட்டிலிருந்து வந்தது இல்லை. கோமாரி மனிதனுக்கு வருவது மிக மிக அபூர்வம்.

ஆனால் கோமாரி வைரஸ் வெட்டும் விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் மல்லிகையை ஒரே சரமாகத் தொடுத்துவிட்டு முழம் முழமாக நறுக்கித் தருவார்கள் இல்லையா? இந்த வைரஸும் தன் புரதம் அத்தனைக்கும் ஒரே நீளச் சரமாகத்தான் குறிப்பு வைத்திருக்கிறது. நறுக்க 3சி என்ற சொந்தக் கத்தரி உண்டு. எல் என்று இன்னொன்று, தன்னைச் சரத்திலிருந்து வெட்டிக்கொண்ட கையோடு மாட்டு செல்லின் புரதம் செய்யும் இயந்திரத்தையும் வெட்டி நிறுத்திவிடும். இன்னும் விசேஷம் 2ஏ என்ற சின்னத் துண்டு. அங்கே வெட்டே கிடையாது. தொடுக்கும்போதே ஒரு முடிச்சைப் போடாமல் அடுத்த பூவுக்குப் போய்விடுகிறது! இன்று உலகம் முழுக்க மரபணு ஆய்வுக்கூடங்களில் இரண்டு புரதங்களைத் தனித்தனியாகச் செய்ய இந்த உத்தியைத்தான் இரவல் வாங்குகிறோம்.

பட்டர்வொர்த்: ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நமக்குத் தொற்றுமா?

தொற்றாது. பன்றிக்கு மட்டும்தான் ஆபத்து.

பாலிக் பூலாவ், டுரியான் தோட்டக்காரர்: வௌவால்தான் காரணம் என்றால் தோட்டத்துக்கு வருவதைச் சுட்டுவிடலாமா?

வேண்டவே வேண்டாம் அண்ணே. டுரியான் பூ இரவில் விரிவது வௌவாலுக்காகத்தான். பத்துமலைக் குகைகளில் இருக்கும் சிறிய தேன் வௌவால்கள் மகரந்தம் சுமக்கின்றன. நிப்பா வைரஸைச் சுமக்கும் பெரிய கெலுவாங் வௌவால்களும் தியோமான் தீவில் டுரியானுக்கு அதே வேலையைச் செய்கின்றன. இரண்டும் போனால் உங்கள் மரத்தில் காய் குறையும்.

நிப்பா வந்தபோது பிசகியது வேறு. பன்றிக் கொட்டகை ஓரத்திலேயே மாமரம் வைத்திருந்தார்கள். வௌவால் கடித்துப் போட்ட பழம் கொட்டகைக்குள் விழுந்தது, எச்சிலும் சிறுநீரும் கூடவே போயிற்று. உங்கள் தோட்டத்தில் ஆடோ பன்றியோ இருந்தால் பழமரத்தடியில் கட்டாதீர்கள். பாதி கடித்த பழம் கிடந்தால் பிள்ளைகளை எடுக்க விடாமல் மண்வெட்டியால் அள்ளிப் புதைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.