குழந்தை கேட்கவே இல்லையாமே!

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): நானும் கணவரும் கோவையில் மென்பொருள் நிறுவனங்களில் வேலை செய்கிறோம். மே மாதம், ஆறு வயது மகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, ஏழு இரவுகளில் ப்ராக், வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட் என்று நான்கு நகரங்களைச் சுற்றி வந்தோம். (மகள் எங்களை ஒரு தடவைகூடக் கேட்கவில்லையாம், அவ்வளவு சமத்து!) கணவர் கையில் அட்டவணையோடு என்னை விரட்டிக்கொண்டே இருந்தார். வியன்னாவில் ஒரு காபிகூட நிம்மதியாகக் குடிக்கவில்லை. சண்டையோடுதான் ஊர் திரும்பினோம். அடுத்த ஆண்டு இத்தாலி என்கிறார். இவரை எப்படித் திருத்துவது?

பதில்: ப்ராக்கிலிருந்து வியன்னாவுக்கு ரயிலில் நான்கு மணி நேரம், அங்கிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு ஒரு மணி நேரம், அதன்பின் புடாபெஸ்டுக்கு இரண்டரை மணி நேரம், பெட்டி கட்டுவதும் அவிழ்ப்பதும் தனி. ஒரே ஒரு காபிக்கு அரை நாள் உட்கார்ந்தாலும் எழுந்திருக்கச் சொல்லாத வியன்னாக் கடைகளில் உட்கார ஆசைப்பட்டவர், இந்தத் திட்டத்துக்கு முதலிலேயே தலையாட்டியிருக்கக் கூடாது. விசா விண்ணப்பத்தில் உங்கள் கையெழுத்தும்தானே இருக்கிறது? கணவர் விஷயம் இவ்வளவுதான்.

நான் திரும்பத் திரும்பப் படித்தது, அடைப்புக்குறிக்குள் நீங்கள் பெருமையாகப் போட்டிருக்கும் வரியை. ஆறு வயதுக் குழந்தை ஒரு வாரம் பெற்றவர்களைக் கேட்காமல் இருந்ததைச் சமத்து என்று சொல்லி நான் இதுவரை கேட்டதில்லை. அப்பா இரண்டு நாள் வெளியூர் போனாலே குழந்தை ஏங்கிப்போய் உடம்பு காய்கிறது என்று சொல்லும் ஊர் நம்முடையது. உங்கள் அம்மா, தன் மகளின் பயணம் கெட்டுவிடக் கூடாதே என்று பொய் சொல்லியிருக்கலாம். அப்படியானால் வாசலையே பார்த்துக்கொண்டிருந்த பேத்தியை எப்படியோ தூங்க வைத்துவிட்டு, போனில் உங்களிடம் சிரித்துப் பேசியிருக்கிறார். அவர் சொன்னது உண்மையென்றால் இன்னும் மோசம். அலுவலகத்திலிருந்து நீங்கள் வருவதற்குள் தூங்கிப் பழகிய அந்தக் குழந்தைக்கு, நீங்கள் கோவையில் இருப்பதும் புடாபெஸ்டில் இருப்பதும் ஒன்றாகிவிட்டது.

இரவு அறைக்கு வரும்போது இந்தியாவில் நடுநிசி ஆகிவிடும், அதனால் அவளிடம் இரண்டு முறைதான் பேச முடிந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மே மாதத்தில் நேர வித்தியாசம் மூன்றரை மணி. ஹோட்டலில் காலை ஏழரைக்கு நீங்கள் ரொட்டியில் வெண்ணெய் தடவிய நேரம் கோவையில் பதினொரு மணி; பள்ளி விடுமுறை, குழந்தை வீட்டில்தான் இருந்திருப்பாள். ப்ராக்கில் 1410-ஆம் ஆண்டுக் கடிகாரத்தில் மணிக்கொரு முறை வந்துபோகும் அப்போஸ்தலர் (இயேசுவின் சீடர்கள்) பொம்மைகளுக்காகக் கால் மணி நேரம் முன்பே போய் அண்ணாந்து நின்றோம் என்கிறீர்களே, அந்தக் கால் மணி நேரத்தில் கையில் போன் இல்லையா?

கணவனும் மனைவியும் தனியாக ஊர் சுற்றக் கூடாது என்று சொல்கிறவள் அல்ல நான். ஆனால் பிள்ளை பிறந்த பிறகு நெடுந்தூர விடுமுறை என்றால் அது பிள்ளைக்கும் சேர்த்துத்தான் என்பது என் கட்சி. பழைய கட்சி என்று நீங்கள் சிரித்தாலும் மாற்றிக்கொள்வதாக இல்லை.

இத்தாலியைத் தள்ளிப்போட்டுவிட்டு, மூவருமாக வியன்னாவுக்கே போய் ஐந்து நாள் தங்குங்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர்களுக்கு 90 யூரோ, அவள் வயதுக்கு 45தான். 1752-இல் தொடங்கிய ஷோன்ப்ரூன் மிருகக்காட்சிசாலையைக் குழந்தைகள் சமாச்சாரம் என்று தாண்டிப் போனீர்களாமே, அங்கே ஒரு முழு நாள் வையுங்கள். அவளுக்குக் கால் வலிக்கும் இடத்திலெல்லாம் உங்கள் கணவரும் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். உங்கள் காபியும் ஆறாமல் கிடைக்கும்.

அதற்கு முன், இந்த வாரமே அம்மா வீட்டுக்குப் போய், அந்த ஏழு இரவுகளும் அவள் எத்தனை மணிக்குத் தூங்கினாள் என்று கேளுங்கள். குழந்தை பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துக் கேளுங்கள்.