38 வயதில் பக்கவாதம் வந்த தம்பிக்கு இதயத்தில் ஓட்டை இருக்கிறதாம். உடனே அடைத்துவிட வேண்டுமா?

தம்பி தேறிவிட்டார், ஆனால் எக்கோவில் ஓட்டை தெரிந்ததிலிருந்து வீடே பயந்து கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் எங்கள் வீட்டிலும் இருந்தது. நாங்கள் மும்பை செம்பூரில் இருக்கிறோம். என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தபோது 39 வயது.

நாகர்கோவிலில் ஒரு கல்யாணம் முடித்து, இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்தே திரும்பி வந்தோம். மறுநாள் காலை குழாயில் தண்ணீர் வரும் நேரம். மூச்சைப் பிடித்து நிறைந்த பக்கெட்டைத் தூக்கினாள், வலது கையிலிருந்து அது நழுவியது. என்னைக் கூப்பிட வாயைத் திறந்தாள், வார்த்தை வரவில்லை. முதலில் போன இடத்தில் களைப்பு என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அதில் பாதி அங்கேயே போனது. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. நல்லவேளை, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தோம். பேச்சு திரும்பிவிட்டது.

ஓட்டை என்றதும் என் மாமியார் பச்சைக் குழந்தைகளுக்கு நெஞ்சைத் திறந்து செய்யும் ஆபரேஷனை நினைத்து அழுதுவிட்டார். உங்கள் தம்பிக்குச் சொல்லியிருப்பது பெரும்பாலும் பி.எஃப்.ஓ-வாக இருக்கும். அது வேறு. வயிற்றில் இருக்கும் குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. அதனால் இதயத்தின் வலது மேலறையிலிருந்து இடது மேலறைக்கு ரத்தம் போக ஒரு சின்னக் கதவு இருக்கும். பிறந்த பிறகு அது ஒட்டிக்கொள்ள வேண்டும். நான்கில் ஒருவருக்கு ஒட்டுவதில்லை, அதுதான் பி.எஃப்.ஓ. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஆயுசு முழுக்க அதனால் ஒன்றும் வருவதில்லை.

எப்போதாவது காலில் உறைந்த ரத்தக்கட்டி மேலே வரும். வழக்கமாக அது நுரையீரலில் போய் மாட்டும். இருமும்போதோ முக்கிப் பாரம் தூக்கும்போதோ வலது பக்க அழுத்தம் கூடி அந்தக் கதவு திறந்தால், கட்டி இடது பக்கம் தாண்டி நேராக மூளைக்குப் போகலாம். ரயிலும் பக்கெட்டும்தான் காரணமா என்று கேட்டேன். இருக்கலாம், நிரூபிக்க முடியாது என்றார் டாக்டர். கால் ரத்தக்குழாய் ஸ்கேனில் கட்டி எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

நான்கில் ஒருவருக்கு இருக்கிறது என்றால், பக்கவாதம் வந்த நான்கு பேரைப் பிடித்துப் பார்த்தாலும் சராசரியாக ஒருவருக்கு இருக்கும். அது தற்செயலா, குற்றவாளியா? அடைப்பதற்கு முன் தீர வேண்டிய கேள்வி இதுதான். 2012, 2013-ல் வந்த முதல் ஆய்வுகளில் அடைத்ததால் உறுதியான பலன் தெரியவில்லை. 2017-ல் பிரான்சில் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. வேறு காரணம் கண்டுபிடிக்க முடியாத, 60 வயதுக்கு உட்பட்டவர்களாகப் பார்த்து, அதிலும் ஓட்டை வழியாக நிறைய ரத்தம் தாண்டுகிறவர்களையும் இரண்டு மேலறைகளுக்கும் நடுவில் உள்ள சுவர் தொளதொளவென்று ஆடுகிறவர்களையும் மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். அடைத்த 238 பேரில் சராசரியாக ஐந்து வருடத்தில் ஒருவருக்கும் மறுபடி பக்கவாதம் வரவில்லை. ஆஸ்பிரின் போன்ற மாத்திரை மட்டும் சாப்பிட்ட 235 பேரில் 14 பேருக்கு வந்தது. ஆளைச் சரியாகத் தேர்ந்தெடுத்ததில்தான் எல்லாம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

எங்களுக்கு அந்தத் தேடலே ஏழு வாரம் ஆனது. கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேன், எம்ஆர்ஐ, ரத்தம் உறையும் கோளாறுக்கான பரிசோதனைகள், நாள்கணக்கில் இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்ட்டர் கருவி. இந்த ஹோல்ட்டரைத் தட்டிக்கழிக்காதீர்கள். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் போய் அதனால் கட்டி வந்திருந்தால், ஓட்டையை அடைத்து ஒரு பயனும் இல்லை, அதற்கு வேறு மாத்திரை. அப்புறம் குமிழ்ப் பரிசோதனை: உப்புநீரைக் காற்றோடு குலுக்கிக் கை நரம்பில் ஏற்றி, முக்கச் சொல்லி எக்கோவில் பார்ப்பார்கள். கூட்டமாகக் குமிழ்கள் இடது பக்கம் பாய்ந்ததை நானே திரையில் பார்த்தேன். அந்த ஏழு வாரமும் மாத்திரை போட்டுக்கொண்டிருந்ததால் அவசரப்பட வேண்டியதில்லை, காத்திருக்கலாம் என்று நரம்பியல் டாக்டர் தைரியம் சொன்னார்.

அடைப்பது ஒரு மணி நேர வேலை. தொடை ரத்தக்குழாய் வழியாகக் குழாயை விட்டு, சுவரின் இரண்டு பக்கமும் குடை மாதிரி விரியும் கம்பிவலைத் தட்டை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். மறுநாள் வீடு. அது நிக்கல் கலந்த உலோகம், கவரிங் நகை போட்டால் அரிக்கிறவராக இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். நூறில் ஐந்து பேர் அளவுக்கு முதல் சில வாரங்களில் படபடப்புக் கோளாறு வரலாம். இவளுக்கும் பத்து நாள் இருந்தது, பிறகு அடங்கிவிட்டது. வலை மேல் சதை மூட மாதங்கள் ஆகும். அதுவரை இரண்டு மாத்திரை, இப்போது ஆஸ்பிரின் மட்டும். முதல் ஆறு மாதத்தில் பல் பிடுங்க வேண்டி வந்தால் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு பிபி, சுகர், சிகரெட் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் கணக்கே மாறிவிடும், அதை முதலில் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். எம்ஆர்ஐ சிடியையும் எக்கோ ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். வேறு காரணம் இல்லை, ஓட்டைதான் குற்றவாளி என்று அவரும் சொல்லிவிட்டால், தயங்காமல் அடைத்துவிடுங்கள்.